மடைக்கு எவ்வளவு வந்தது?

"பாசன சபை உறுப்பினர்னா என்ன வேலைங்க அக்கா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். திருப்பூரிலும் கோவையிலும் வேலைக்குப் போய்விட்டவர்கள். ஊராட்சித் தேர்தல் தெரியும், கூட்டுறவுச் சங்கத் தேர்தல் தெரியும். தண்ணீருக்கென்று தனியாக ஒரு தேர்தல் உண்டு, நிலம் வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்படுகிறார்கள். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில், ஒரு பகிர்மான வாய்க்காலின் கடைசி மடைகள் இருக்கும் தொகுதியின் உறுப்பினர். பி.ஏ.பி. என்றால் எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆனைமலையில் பெய்யும் மழை நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வந்து, சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, 49 கி.மீ. நீளமுள்ள காண்டூர் கால்வாயில் மலையை ஒட்டியே நடந்து திருமூர்த்தி அணைக்கு வந்து சேருகிறது. அங்கிருந்து 124 கி.மீ. நீளமுள்ள பிரதான கால்வாய். அது கிளை பிரிந்து, பகிர்மான வாய்க்காலாகி, மடையாகி, கடைசியில் காட்டு வாய்க்காலாகி எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் நுழைகிறது. மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், கிழக்கே காங்கேயம், வெள்ளகோவில் மேட்டாங்காடுகள் வரை வருகிறது. 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொண்டு 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட்டாக வேண்டும். நமக்கு வருவது அத்தனை கணக்குக்கும் பிறகு வருவது.

திருமூர்த்தி அணையை நம்பியிருக்கும் நிலம் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. பாசனப் பரப்பை விரிவாக்கிக்கொண்டே போனதால் இப்போது நான்கு மண்டலம். மண்டலத்துக்குச் சுமார் 94 ஆயிரம் ஏக்கர். ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வரும். முறை வந்தாலும் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டே இருக்காது. அணையின் இருப்பைப் பார்த்து இத்தனை சுற்று என்று அறிவிப்பார்கள். நல்ல வருடத்தில் ஐந்து சுற்று, மோசமான வருடத்தில் அதற்கும் குறைவு. அந்தச் சுற்றுக்குள்ளும் ஒவ்வொரு மடைக்கும் நாள், ஒவ்வொரு ஏக்கருக்கும் நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு முறை என்றால் இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குப் புரிவதில்லை. மண்டலம் என்பது ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் நிலம் இல்லை. எல்லாத் தாலுகாவிலும் சிதறிக் கிடக்கிறது. இந்த வருடம் முறை இல்லாத காடுகளைத் தாண்டித்தான் முறை உள்ள காட்டுக்குத் தண்ணீர் போக வேண்டும். வெயிலில் காய்ந்து நிற்கும் தன் தோப்பு ஓரமாகவே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் சும்மா இருக்க வேண்டும் என்று இந்த ஏற்பாடு எதிர்பார்க்கிறது. எங்கள் பிரச்சினையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதவிக்கு வந்த பிறகு நான் கற்றதில் உருப்படியானது இதுதான். வாய்க்காலில் நொடிக்கு ஒரு கனஅடி ஓடுகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரில் ஒரு அங்குலத் தண்ணீர் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மடையில் நின்றும் கணக்குப் போடலாம். நம் மடையில் அரை கனஅடிதான் வருகிறது, நமக்கு நாலு மணி நேரம்தான் முறை என்றால், இரண்டு ஏக்கருக்கு ஒரு அங்குலம். அவ்வளவுதான். அதுபோலவே ஒரு டி.எம்.சி. என்பது வழியில் சொட்டும் கசியாமல் வந்தால் ஒரு மண்டலம் முழுக்க மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுஷட்டர் உடைந்துபோய், சுமார் 6 டி.எம்.சி. ஆற்றில் போனதே, அது எங்கள் கணக்கில் ஒரு மண்டலம் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றரை அடித் தண்ணீர். செய்தியில் டி.எம்.சி. என்று படித்தபோது ஊரில் யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. அங்குலமாக மாற்றிச் சொன்னபோது பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கேரள எல்லைக்குள் இருந்தாலும் அந்த அணையைப் பராமரிக்க வேண்டியது நம் அரசுதான். ஒரு ஷட்டரின் பராமரிப்புக்கும் வெள்ளகோவில் பக்கத்து மக்காச்சோளத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு குறைவு.

சரி, சபைக்கு வருகிறேன். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கென்று 2000ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி கீழே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேலே பகிர்மானக் குழு, எல்லாவற்றுக்கும் மேலே திட்டக்குழு. பேச்சுவழக்கில் சங்கத்தைத்தான் பாசன சபை என்கிறோம். தலைவரை மொத்தச் சங்கப் பரப்பில் உள்ள நிலக்காரர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொகுதிக்கு ஒரு உறுப்பினர். பதவிக்காலம் 5 ஆண்டு. பி.ஏ.பி.யில் கடைசியாக 2022 தொடக்கத்தில் தேர்தல் நடந்தது.

எங்கள் சங்கத்தில் தொகுதிகளை வாய்க்காலின் போக்கிலேயே பிரித்திருக்கிறார்கள். தலைமடைக்கு ஆள் உண்டு, நடுமடைக்கு உண்டு, கடைமடைக்கும் உண்டு. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஊர் முழுக்க ஒரே வாக்கெடுப்பு வைத்தால், பெரிய குடும்பங்களும் சாலையோரத் தோப்புகளும் சேர்ந்து எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தொகுதி என்று பிரித்துவிட்டால் கடைமடைக்காரனுக்குக் கூட்டத்தில் ஒரு நாற்காலி உறுதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோமா என்பது எங்கள் பொறுப்பு.

பேசியே ஆக வேண்டியிருந்தது. நான் பதவிக்கு வந்த பிறகு வந்த முதல் சுற்றில், வாய்க்கால் தலைப்பில் போதுமான தண்ணீர் ஓடியது. நடுவில் இடுப்பளவு. எங்கள் தொகுதிக்கு வரும்போது கணுக்கால். கடைசி இரண்டு மடைகளில் வாய்க்காலின் அடித்தளம் ஈரமானதோடு சரி. எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர், தினமும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அம்மிணி, தண்ணி வந்துருமுங்களா?" அவ்வளவுதான் கேட்பார். கோபம் இருக்காது. விதைத்துவிட்டார், உரம் வைத்துவிட்டார். மக்காச்சோளம் பூட்டை எடுக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிக்காது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருநாள் இரவு நானும் நடுமடைத் தொகுதி உறுப்பினரும், வாய்க்கால் பணியாளரான லஸ்கரையும் கூட்டிக்கொண்டு, கரையோரமாக மேலே நடந்தோம். கரைமேல் போட்டு உறிஞ்சும் பைப்புகள் இருந்தன. வாய்க்காலை ஒட்டி வெட்டிய கிணறுகளில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், பல வருடமாகத் தூர்ந்து போன வாய்க்கால், உடைந்த கான்கிரீட் பலகை, வேர் விட்ட கருவேல மரம், எலி வளையில் கசிவு. திருட்டு எவ்வளவு, கசிவு எவ்வளவு என்று அன்றைக்கு எங்களால் பிரிக்க முடியவில்லை. ஊரில் பேசும்போது எல்லாம் திருட்டு என்றே பேசுகிறோம். தலைமடைக்காரர்கள் எல்லாம் கசிவு என்கிறார்கள்.

அந்தப் பைப்புகளில் ஒன்று எங்களுக்கு ஒறம்பரையான, அதாவது உறவுக்காரரான ஒருவருடையது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மறைக்கவில்லை. "மக்காச்சோளம் போனா ஒரு வெள்ளாமை போச்சு அம்மிணி. தென்னை காஞ்சா அஞ்சாறு வருசம் போச்சு. கெணத்துல தண்ணியில்ல, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. புன்செய் வெள்ளாமைக்கென்று வந்த ஏற்பாட்டில், கூலியாள் கிடைக்காத கஷ்டத்தாலும் விலை நிலையாக இல்லாத கஷ்டத்தாலும் ஆட்கள் தென்னைக்கு மாறிவிட்டார்கள். தென்னைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு செல்லாது. அதற்கு வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். ஆனாலும் அவருடைய மரத்துக்குப் போகிற தண்ணீர் எண்பது வயதுப் பெரியவரின் காட்டுக்கு உரியது. இதை நான் சாந்தமாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். பைப்பை எடுத்தார். அடுத்த சில மாதம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வீட்டில் இருந்து யாரும் வரவில்லை.

அதிகாரி வந்து இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். முடியும். பி.ஏ.பி. தண்ணீர் திருட்டு உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். வருவாய்த்துறை, காவல்துறை, மின்வாரியம் எல்லாம் சேர்ந்து ரோந்து வந்த நாட்களும் உண்டு. ரோந்து வண்டி வரும் நாளில் தண்ணீர் கடைமடைக்கு வரும். வண்டி போன மறுநாள் பழைய கதை. தினமும் அதே கரையில் நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசக்கூடிய ஆள் பக்கத்துக் காட்டுக்காரர்தான். தேர்தலில் நின்று வென்றவர் என்ற ஒரு தகுதி இருந்தால், அந்தப் பேச்சைத் தனிப்பட்ட பகையாக எடுத்துக்கொள்ளாமல் சபையின் வேலையாக எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. என் ஒறம்பரைக்காரர் இப்போது பேசுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு நாங்கள் செய்த ஒரு காரியம், என்னைக் கேட்டால் இந்தப் பதவியில் செய்யத்தக்க முதல் காரியம். ஒவ்வொரு தொகுதியும் தொடங்கும் இடத்தில் வாய்க்கால் சுவரில் அளவுகோல் போலக் கோடு போட்டு வர்ணம் அடித்தோம். எந்தக் கோட்டில் ஓடினால் எத்தனை கனஅடி என்பதை உதவிப் பொறியாளர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். காலை, மாலை, இரவு மூன்று வேளையும் அந்தந்தத் தொகுதிக்காரர் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். டீக்கடைச் சுவரில் ஒரு பலகை. தலைப்பில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு, கடைசியில் இவ்வளவு.

பலகை வந்ததும் பேச்சே மாறிப்போனது. முன்பெல்லாம் கூட்டத்தில் "தண்ணியே வரல", "நல்லாத்தான் வந்துச்சு" என்று இரண்டு பக்கமும் சத்தம் போடுவார்கள். இப்போது தலைப்புக்கும் நடுவுக்கும் இடையில் இவ்வளவு குறைகிறது, நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் இவ்வளவு குறைகிறது என்று பேசுகிறோம். பைப்புகளை எடுத்த பிறகும் ஒரு இடத்தில் மட்டும் விடாமல் குறைந்தது. அங்கே போய்த் தோண்டிப் பார்த்தால் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தில் விரிசல். எத்தனை வருடமாகத் தலைமடைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோமோ, அதில் ஒரு பங்கு அந்த விரிசலுக்குச் சேர வேண்டியது. எண் இருந்ததால்தான் அது வெளியே வந்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து அளந்து எழுதுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய் என்று கேட்க ஊரில் ஒருவருக்கு உரிமை வேண்டும். அந்த உரிமைதான் எங்களுக்குக் கிடைத்திருக்கும் பதவி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எங்களிடம் இல்லாதவையும் நிறைய. ஷட்டர் சாவி எங்களிடம் இல்லை, அது துறையிடம். எப்போது திறப்பது, எத்தனை சுற்று என்பது மேலே முடிவாகிறது. சங்கத்துக்கென்று சொல்லிக்கொள்ளும்படி பணம் இல்லை. தூர்வார வேண்டுமானால் நூறு நாள் வேலை ஆட்கள் கிடைக்கிறார்களா என்று ஊராட்சியைக் கேட்க வேண்டும், அல்லது ஏக்கருக்கு இவ்வளவு என்று நாங்களே வசூல் போட வேண்டும். கசிவு கண்டுபிடித்தாலும் சரிசெய்ய மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் என்று அடுத்த முறையே வந்துவிடுகிறது. அளந்து சொல்லும் சங்கத்துக்கு, சின்னப் பழுதுகளைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது ஒரு நிதி வேண்டும். நாங்கள் கட்டும் நீர்த்தீர்வையிலேயே ஒரு பகுதி அந்தந்தச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தால் போதும், கரை உடைப்புக்கு மண் கொட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

பெரிய கூட்டங்களில் என்னைச் சோர்வடைய வைப்பது ஒன்று உண்டு. எழுந்து பேசுகிறவர்களில் பலரும் கூடுதல் தண்ணீர் கொண்டுவரும் ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வர வேண்டிய திட்டம்தான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு மாநிலம் உட்கார்ந்து பேச வேண்டிய அந்த விஷயத்தைப் பேசுவது எளிதாக இருக்கிறது, ஏனென்றால் அதில் பக்கத்துக் காட்டுக்காரர் யாருக்கும் கோபம் வராது. நம் வாய்க்காலில் தலைப்புக்கும் கடைசிக்கும் இடையில் காணாமல் போகும் தண்ணீரைப் பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாறும். புதிய தண்ணீர் வந்தாலும் இதே வாய்க்காலில்தான் வரப் போகிறது. இதே இடத்தில்தான் குறையப் போகிறது. சமச்சீர் பாசனம் என்று வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் இத்தனை வருடம் சாலையில் உட்கார்ந்து கேட்பது, இருக்கும் தண்ணீரை ஒழுங்காகப் பங்கு வைக்கச் சொல்லித்தான்.

இனி தேர்தலைப் பற்றி, முக்கியமாக வாக்காளர் பட்டியலைப் பற்றி. யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவர்தான் வாக்காளர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தால் எங்கள் தொகுதியில் இறந்து போனவர்கள் பெயர் எத்தனையோ. அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் பிரித்து உழுவார்கள், கூட்டுப் பட்டா அப்படியே கிடக்கும். ஊரில் இருந்து தண்ணீர் கட்டுகிறவருக்கு வாக்கு இல்லை. நிலத்தை விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவருக்கு உண்டு. குத்தகைக்கு உழுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விட, பெண்கள். எங்கள் பக்கத்தில் களை எடுப்பது, தண்ணீர் கட்டுவது, ராத்திரி முறைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போவது எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். பட்டாவில் இல்லை. பட்டாவில் இல்லாததால் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாததால் கூட்டத்தில் இல்லை. 1989லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. இருந்தும் கல்யாணத்தின்போது போட்ட நகையோடு கணக்கு முடிந்தது என்றுதான் இன்னமும் பேசுகிறார்கள். எனக்கு வாக்கு இருந்தது, நிற்க முடிந்தது என்றால், என் அப்பா தன் கையாலேயே எனக்கு நிலம் எழுதி வைத்தார் என்பதுதான் காரணம். முதல் கூட்டத்துக்குப் போனபோது அங்கே பெண்ணாக நான் ஒருத்திதான் இருந்தேன். "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். உறுப்பினர் நான்தான் என்று சொன்னதும் ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். இப்போது பலகையில் எண் எழுதுவது அதிகமும் பெண்கள்தான். காலையில் பால் ஊற்றப் போகிற வழியிலேயே கோட்டைப் பார்த்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு கிடையாது.

பதவிக்காலம் முடிந்ததும் உடனே தேர்தல் வரும் என்றும் நம்ப முடியாது. சட்டம் சொல்லும் 5 ஆண்டைத் தாண்டி நீண்ட இடைவெளி விழுந்ததை இந்த ஆயக்கட்டு பார்த்திருக்கிறது. அந்த இடைவெளியில் மடையில் தகராறு வந்தால் தீர்க்க ஆள் இருக்காது. பலகையில் எழுதவும் ஆள் இருக்காது. அதனால் அடுத்த தேர்தல் தேதியை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்று எங்கள் சபையில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். உங்கள் சபையிலும் போடச் சொல்லுங்கள்.

வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு: அப்பா, தாத்தா பெயரில் பட்டா கிடந்தால், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு வந்து பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பிரித்துக்கொண்ட நிலமானால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். அம்மா, அக்கா, தங்கை பெயரில் எழுத வேண்டிய பங்கு இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். வரைவு வாக்காளர் பட்டியல் ஒட்டுகிற நேரத்தில் ஓடினால் முடியாது, தாலுகா அலுவலகத்தில் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரியாவிட்டால் எனக்குப் போன் போடுங்கள், எங்கள் தொகுதியில் சில வீடுகளுக்கு ஏற்கெனவே கூடப் போய்ச் செய்து கொடுத்திருக்கிறேன்.